வாத்தின் தலையில் இரண்டு கரிக்கோடுகள்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின, மலைகள் பேசின, காது கொடுத்துக் கேட்க மனிதர்களுக்கும் நேரம் இருந்தது. வரித்தலை வாத்துகளுக்கு அப்போது வரியே கிடையாது. தலை முழுக்கப் பஞ்சு வெள்ளை. தெற்கே குளத்தில் பிறந்து, அதே குளத்தில் கிழடாகிச் சாகிற இனம்.

அதில் செம்பி என்றொரு வாத்து. வெள்ளைத் தலைமேல் அதற்கு அப்படியொரு பெருமை. பொட்டுச் சேறு பட்டாலும் மூன்று முழுக்குப் போடும். வடக்கே வானத்தைத் தொடும் மலைகளும் நீல ஏரிகளும் உண்டு என்று காற்று சொல்லக் கேட்டு, பார்த்தே தீருவதென்று ஒரு வேனிலில் கிளம்பிவிட்டது.

இமயத்தைத் தாண்டியதும் தாழப் பறந்து சுற்றிப் பார்த்தது. ஏரிக்கு அடுத்து ஏரி, கரையெல்லாம் கல்வேலி போட்ட சின்னச் சின்ன வயல்கள், அவற்றுக்கு மேலே மலையிடுக்கில் உறைந்து கிடந்த பனியாறு. கண் நிறைந்தது, வயிறுதான் காய்ந்தது. தள்ளாடிப் போய் ஒரு வீட்டு வாசலில் விழுந்தது.

அந்த வீட்டுக்காரி யாங்டோல், கைக்குழந்தைக்காரி. “எங்கேருந்து வர்றே, ஆத்தா? முதல்ல சாப்பிடு” என்று பானையிலிருந்து கிண்ணம் நிறையப் பார்லியை எடுத்து வைத்தாள். விருந்தாளி பசித்திருக்க வீட்டார் வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். செம்பி ஒரு மணிகூட மிச்சம் விடாமல் தின்றுவிட்டுத்தான் பானையை எட்டிப் பார்த்தது. பாதிதான் இருந்தது.

“இது விதையாம்மா?”

“ஆமா. அதனால என்ன, மிச்சத்தை விதைச்சுக்குவேன். மேலே பனியாறு உருகித் தண்ணிதான் வரக்காணோம். இங்க வெயில் மூணு மாசம்தான். இந்த வாரம் விதைக்கலேன்னா குளிர்காலத்துல பிள்ளைக்குக் கஞ்சி கிடையாது.”

பனிமேல் அடுப்புக்கரியைத் தூவினால் வெயில் பட்டுச் சீக்கிரம் உருகும். யாங்டோல் வயலில் கிடந்த பனிமேலெல்லாம் தூவியிருந்தாள். பனியாற்றில் தூவ ஏறியபோது மட்டும் இரண்டு முறை வழுக்கி விழுந்திருந்தாள்.

செம்பி காலிக் கிண்ணத்தைப் பார்த்தது, எழுந்து இறக்கையை உதறியது. “கரியை என் கழுத்துல கட்டுங்கம்மா. நான் போறேன்.”

பறந்து போய்த் தூவியதும் பனியாறு விழித்துக்கொண்டது. “எவ அவ, என் மூஞ்சியில கரி பூசுறது?”

“கோவிச்சுக்கிடாதீங்க. கீழ ஒரு பிள்ளைக்குக் கஞ்சி வேணும்.”

“எனக்கென்ன அவசரம்? அடுத்த மாசம் பார்க்கலாம்.”

செம்பி மறுபடி இறக்கையை விரித்தது. கீழே போய் அடுத்த மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தது. மூச்சு முட்டியது, இறக்கை கழன்றுவிடும் போலிருந்தது. மூன்று நாள் விடாமல் தூவியது. மூன்றாம் நாள் உச்சிவெயிலில் பனியாறு, “அம்மாடி, என்னமா வேர்க்குது!” என்று அலறியது. வேர்த்த வேர்வை வாய்க்கால் நிறைய இறங்கியது.

கரி அள்ளிக்கொண்டிருந்த யாங்டோல் அழுதுகொண்டே ஓடிவந்து செம்பியை வாரி எடுத்துத் தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். வெள்ளைத் தலையின் பின்பக்கம் அவள் விரல்களில் இரண்டு கறுப்பாகப் பதிந்திருந்தன.

“ஐயையோ, அழகான தலையைக் கெடுத்துட்டேனே! இரு ஆத்தா, கழுவி விடறேன்.”

செம்பி ஏரியில் குனிந்து தன்னைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

“வேண்டாம்மா. விதையையே அள்ளிப்போட்ட கை. அது இருக்கட்டும்.”

அன்று தொடங்கித்தான் அந்த இனத்து வாத்துகள் எல்லாவற்றுக்கும் பின்தலையில் இரண்டு கறுப்பு வரிகள். குளிர்காலம் முழுக்க நம் குளங்களில் முங்கி முங்கிக் குளித்தாலும் ஒன்றுகூட அவற்றை அழித்துக்கொள்வதில்லை.