மைக்கை எங்கே குத்துவது

புன்னைத்துறைப் பங்குச் சாமியார் இஞ்ஞாசி தமது ஐம்பத்தெட்டாவது வயதில் சிஷ்யரானார். அவருடைய குரு தெக்லாவுக்கு வயது இருபத்தெட்டு. தூத்துக்குடியில் கல்யாண வீடியோக்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறவள்.

அரை மணி நேரம் சிஷ்யராக இருந்தால் போதும் என்றுதான் அவர் நினைத்தார். அது நாலு நாளாக நீண்டுவிட்டது.

அந்த ஊர் ஆண்களில் பாதிப் பேர் கப்பலில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை, கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் கஸ்பார் கேமராவில் பிடித்து அவர்களுக்கு அனுப்புவார். கப்பல் கரை தொடும் துறைமுகங்களில் இருந்தெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: "சாமி, ஒங்க பிரசங்கம் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கு."

அதைப் பொறுக்க முடியாமல் சாமியார் வயர்லெஸ் மைக் ஒன்று வாங்கினார். சட்டையில் குத்திக்கொள்ள, கட்டைவிரல் அளவில் ஒரு மைக். அது அனுப்புவதை வாங்கிக்கொள்ள, கேமராவின் தலையில் செருகும் ஒரு ரிசீவர். பெட்டியைத் திறந்தது வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குமேல் ஒன்றும் ஓடவில்லை.

அவசரமும் இருந்தது. வருகிற ஞாயிறு மெற்றில்டாவின் மகனுக்கு ஞானஸ்நானம். பிள்ளைக்கு ஐந்து மாதம்; ஆல்பன் என்று பேர் வைக்க இருந்தார்கள். தகப்பன் ரெமிஜியுஸ் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. பிள்ளை முகத்தைப் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். "சாமி, எம் பயலுக்குப் பேரு சொல்லுறத நான் என் காதால கேக்கணும்" என்று அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தான்.

"பிரசங்கம் போனா அடுத்த ஞாயிறு இன்னொண்ணு," என்றார் சாமியார் தெக்லாவிடம். "ஞானஸ்நானம் ஒரே தடவைதான். கப்பல்ல இருக்கிறவனுக்குக் கேக்கலன்னா, மறுபடியும் பிள்ளை தலையில தண்ணி ஊத்த முடியாது."

"கல்யாணத்துல தாலியும் அப்படித்தான் ஃபாதர்," என்றாள் தெக்லா. அவள் கான்வென்ட்டில் படித்தவள், அதனால் ஃபாதர் என்பாள். ஊரில் மற்ற எல்லோருக்கும் அவர் சாமி.

"சரி, மைக்கை எங்கே குத்தணும்? அதை மொதல்ல சொல்லு."

"அதைக் கடைசியில பாப்போம்."

வியாழக்கிழமை முதல் பாடம். சாமியார் மைக்கை உதட்டருகே கொண்டுபோய் இரண்டு தரம் ஊதினார். முப்பது வருடப் பழக்கம்.

"ஊதாதீங்க ஃபாதர். அது மெழுகுவத்தி இல்ல."

அவர் ஊதுவதை விட்டுவிட்டு, "ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ" என்றார். கேமராவின் திரையில் பச்சைக் கோடு எழும்பி எழும்பி ஆடியது. "பாத்தியா! வேலை செய்யுது!"

தெக்லா அருகே வந்து, மைக்கின் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டினாள். பச்சைக் கோடு அசையவில்லை. ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டு மறுபடியும் சுரண்டினாள்.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலியே."

"நீங்க பேசினதைப் பிடிச்சது கேமராவோட சொந்தக் காது. ஒங்க மைக் இன்னும் தூங்குது. ரிசீவர் வயரை மைக் ஓட்டையில செருகாம வேற ஓட்டையில செருகி வச்சிருக்கீங்க."

"அப்போ அந்தப் பச்சைக் கோடு?"

"யாரு சத்தம் போட்டாலும் அது ஆடும் ஃபாதர். நம்ம உபதேசியார் மாதிரி."

மூலையில் நின்ற கஸ்பார் ஒரு முறை இருமினார்.

வயரை இடம் மாற்றிச் செருகியதும் சாமியாரின் குரல் வந்தது. கூடவே டக், டக், டக் என்று யாரோ கதவைத் தட்டும் சத்தமும் வந்தது. அவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வாசலில் ஒருவரும் இல்லை. அவர் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவைதான் ஒவ்வொரு மூச்சுக்கும் மைக்கில் இடித்துக்கொண்டிருந்தது. சிலுவையை இடது பக்கம் ஒதுக்கினார். அங்கியின் கஞ்சி மொடமொடத்தது. வலது பக்கம் ஒதுக்கினார். பிரசங்கத்தின் வேகத்தில் அதுவாகவே நடுவுக்குத் திரும்பி வந்தது.

"அப்ப எங்கதான் குத்தணும்?"

"நாளைக்குப் பாப்போம்."

மறுநாள் அவர் மைக்கைச் சரியாக, தாடையிலிருந்து ஒரு சாண் கீழே குத்திக்கொண்டார். தூரம் பார்ப்பதற்காகக் கோயிலுக்குள் நடக்கச் சொன்னாள் தெக்லா. ஹெட்போனோடு அவள் பீடத்தருகே கேமராவுக்குப் பின்னால் நின்றாள். அவர் முதுகைக் காட்டி நடந்தபோது சத்தம் விட்டுவிட்டு வந்தது.

"ஃபாதர், மைக்குக்கும் ரிசீவருக்கும் நடுவுல ஒங்க உடம்பு முழுசும் நிக்குது! திரும்பி நில்லுங்க!"

சாமியார் சிரித்துக்கொண்டே திரும்பினார். அந்த நேரம் பார்த்து யாரோ, பாவத்தைச் சாமியாரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து நிற்க, வழக்கம்போல நேரே போய்க் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். மைக் அவர் நெஞ்சில் விழித்துக்கொண்டிருந்தது.

தெக்லாவின் காதில் பலகை நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குசுகுசுப்பு: "சாமி, என்னை ஆசீர்வதியும்..."

தேளைத் தொட்டவள்போல ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். ரிசீவரை நிறுத்தினாள். செருப்பில்லாத காலோடு ஓடிப்போய்க் கூண்டுக் கதவைக் குத்தினாள். "ஃபாதர், வெளிய வாங்க! மைக்! மைக்!"

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே!" என்று உள்ளேயிருந்து அழாக்குறையாகக் கத்தியது உபதேசியார் கஸ்பாரின் குரல்.

சாமியார் வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. "எவ்வளவு கேட்டே?"

"ஆசீர்வதியும் வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் உள்ளதெல்லாம் உபதேசியார்கிட்டயே பத்திரமா இருக்கு ஃபாதர்."

சாமியாருக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பும் வந்தது. கழற்றிய மைக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "சொல்லுறது சாமியாரா, பாவியான்னு கூட இதுக்குத் தெரியல."

"அதுக்கு எதுக்கு ஃபாதர் அதெல்லாம்? யாரு கிட்டத்துல இருக்காங்களோ, அவங்கதான் அதுக்குப் பெரிய ஆளு."

அன்றும் எங்கே குத்துவது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. கேட்கிற தெம்பும் சிஷ்யருக்கு இல்லை.

சனிக்கிழமை வந்தது. சாமியார் ஒரு முடிவோடு இருந்தார். "தெக்லா, நான் யோசிச்சுட்டேன். சிலுவையைக் கழட்டி வச்சிருதேன். கஞ்சி போடாத அங்கி உடுத்திக்கிடுதேன். மெற்றில்டாகிட்டயும் சொல்லியாச்சு, பிள்ளைக்குப் பால் குடுத்து நல்லாத் தூங்க வச்சுக் கொண்டு வான்னு. அவன் கத்தினா நான் சொல்லுற பேரு அதுல அமுங்கிப் போயிரும்."

"அவன் கத்துவானா ஃபாதர்?"

"கத்துவானாவா? பாஸ்கா ஞாயித்துக்கிழமை என் பிரசங்கத்தையே முழுங்கிட்டான். மைக்குலயே சொன்னேன், 'அந்தப் பிள்ளையை வெளியே கொண்டு போங்க'ன்னு. அதிலிருந்து அவ தாழ்வாரத்துலதான் நிக்கா. நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்டுக்கிடுவா."

தெக்லா தன் கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றினாள். அதை அவரிடம் கொடுத்தாள். "இன்னைக்கு நீங்க கேக்கிற ஆளு. உடுப்பு மாத்துற அறையில கேமராவை வச்சிருக்கேன். போய் உக்காருங்க."

"மைக்?"

"அது ஒங்களுக்கு இல்ல."

சாயங்கால ஜெபமாலை தொடங்கியிருந்தது. உபதேசியார் ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தார். தெக்லா தாழ்வாரத்துக்குப் போனாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தூணோரம் நின்றாள் மெற்றில்டா.

"அக்கா, நாளையப் பதிவுக்கு ஒத்திகை. கொஞ்ச நேரம் இதைத் தோள்ல குத்திக்கிடுதீங்களா? உள்ளே ஃபாதர் கேட்டுக்கிட்டு இருக்காரு."

மெற்றில்டா பயந்துபோய்ப் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். மைக் போட்ட எவரும் இரண்டு நிமிடத்தில் அதை மறந்துவிடுவார்கள். கையில் பிள்ளை இருந்தால் ஒரு நிமிடம் போதும்.

அறைக்குள் சாமியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

முதலில் நகம் சுரண்டும் சத்தம். பிறகு கடல். அதற்குப் பிறகு, காதுக்குள்ளேயே வைத்ததுபோல ஒரு மூச்சு. சின்ன மூச்சு, சளி கட்டிய மூக்கு வழியாக, பூனைக்குட்டி போல. ஒரு விக்கல். வளையல் ஒன்று. ஜெபமாலை எங்கோ தொலைவில் இரைச்சலாக ஓடியது, ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. தம் கோயில் தாழ்வாரத்தில் நின்றால் இவ்வளவுதான் கேட்கும் என்பது இத்தனை வருடமாக அவருக்குத் தெரியாது.

பிள்ளை சிணுங்கியது.

"சூ... சூ... அழாத மக்கா. இன்னைக்கு வேணா அழுதுக்கோ. நாளைக்கு மட்டும் அழாத. நீ வாயத் தொறந்தா அப்பாவுக்கு ஒம் பேரு கேக்காதாம். சாமி வைவாரு. அம்மைக்குப் பயமா இருக்குல்லா? நீ அழுதா நான் உன்னைத் தூக்கிட்டு எங்க போவேன் சொல்லு. தண்ணி வெளியில இல்லியே, உள்ளதான இருக்கு."

சாமியார் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மறுபடியும் எடுத்து மாட்டினார். பிள்ளை தூங்கும் வரைக்கும், தூங்கிய பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தெக்லா உள்ளே வந்தாள். "சத்தம் எப்படி ஃபாதர்?"

"துல்லியமா இருந்தது," என்றார் அவர். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. இரைச்சல் கூடாதென்று மின்விசிறிகளைத் தெக்லா நிறுத்தச் சொல்லியிருந்ததால் ஊரே பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தது. மெற்றில்டா முன்பெஞ்சின் நுனியில், எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்திருந்தாள். பிள்ளை சொன்னபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

சாமியார் பூசை உடுப்போடு வந்தார். தெக்லா மைக்கை அவர் நெஞ்சை நோக்கி நீட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். எங்கே குத்துவது என்று இன்று கேட்கவில்லை. படியிறங்கி முன்பெஞ்சுக்குப் போனார்.

"மெற்றில்டா, இதை நீ குத்திக்கோம்மா. நேத்து குத்தின இடத்துலயே. பிள்ளை தலை சாஞ்சிருக்கே, அங்க."

அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "எனக்கெதுக்கு சாமி? இவன் முழிச்சா கத்துவான்."

"கத்தட்டும்."

"இவன் சத்தம் மட்டும்தான் வரும் சாமி!"

"வரட்டும்மா."

உபதேசியார் கஸ்பார் குனிந்து அவர் காதில், "அப்போ ஒங்க குரலு?" என்றார்.

"முப்பது வருஷமாக் கத்துது. ஒரு நாள் மைக் இல்லாமப் பிழைச்சுக்கிடும்."

தெக்லா கேமராவுக்குப் பின்னால் போய் ஹெட்போனை மாட்டினாள். நகத்தைக் காட்டிச் சைகை செய்தாள். மெற்றில்டா விரலால் மைக்கைச் சுரண்டினாள். தெக்லா கட்டைவிரலை உயர்த்தினாள்.

முதல் துளி நெற்றியில் பட்டதும் ஆல்பன் விழித்தான். ஒரு கணம் சாமியாரின் முகத்தைப் பார்த்தான். பிறகு, கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பிப் பறக்கும்படி கத்தினான். தெக்லா சிரித்துக்கொண்டே ஒலியின் அளவை ஒரு விரலால் இறக்கினாள். மெற்றில்டாவின் கால்கள் பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பின.

"நில்லும்மா," என்றார் சாமியார். "எங்க போற? தண்ணி இங்கதான இருக்கு."

அவர் அவசரப்படவில்லை. அழுகைக்கு மேலே குரலை உயர்த்தவும் இல்லை. இடுப்பு வலியோடு நன்றாகக் குனிந்தார். இரண்டு அழுகைக்கு நடுவே பிள்ளை மூச்சு இழுக்கும் சின்ன இடைவெளிக்காகக் காத்திருந்தார். அது வந்ததும், தொட்டிலில் இருக்கும் பிள்ளையிடம் பேசுவதுபோல அவன் பேரைச் சொன்னார்.

அந்தப் பதிவு ரெமிஜியுஸின் கைக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டு நாளானது. அன்று ஒரு கல்யாணத்துக்காகத் தெக்லா மறுபடியும் புன்னைத்துறைக்கு வந்து, கோயில் வாசலில் சாமியாரோடு பேசிக்கொண்டிருந்தாள். மெற்றில்டா பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தாள். "சாமி, கேளுங்க! அவுங்க பேசி அனுப்பியிருக்காவ!"

எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே ரெமிஜியுஸின் குரல் கேட்டது. "ஏட்டி, பய என் தோள்ல கிடந்து அழுத மாதிரி இருந்துச்சுட்டி. மூச்சு வாங்குறது கூடக் கேக்கு. சளி பிடிச்சிருக்குல்லா அவனுக்கு? மருந்து குடு. நாங்க ஆறு பேரு கூடி நின்னு கேட்டோம். திரும்பத் திரும்பப் போடச் சொல்லுதானுவ..." எஞ்சின் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது.

மெற்றில்டா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்யாணப் பூசைக்குக் கோயிலுக்குள் போனாள். ஆல்பன் போகும்போதே ராகம் இழுத்தான். அவள் திரும்பி வெளியே வரவில்லை.

சாமியார் அங்கேயே நின்றார். கேட்கலாமா வேண்டாமா என்று ஜெபமாலையை விரலால் உருட்டினார். கடைசியில் கேட்டே விட்டார்.

"தெக்லா, அவன் என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. அதுல என் குரல் கேக்குதா?"

"கேக்குது ஃபாதர்."

"நல்லாக் கேக்குதா?"

தெக்லா பையிலிருந்து வயரை எடுத்துச் சிக்கெடுத்தாள்.

"ஆல்பனுக்கு எவ்வளவு கிட்டத்துல குனிஞ்சீங்களோ, அவ்வளவு கிட்டத்துல கேக்குது."