பத்து லட்சத்து ஒன்பது

பொருநைக் கரையில் குழைக்காதர் நடத்திய குருகுலத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்து சேருகிறவருக்கெல்லாம் ஆளுக்கொரு பெரிய எண்ணைக் கொடுப்பார். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று நாளுக்கு ஒரு பகா எண்ணாக எடுத்து, மணல் பலகையில் அதை வகுத்துப் பார்க்க வேண்டும். மீதியில்லாமல் வகுபட்டால் பாடம் முடிந்தது, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பலாம். எதனாலும் வகுபடாத எண் கிடைத்தவர் அங்கேயே இருந்துவிடலாம். அப்படித் தங்கியவர் குழைக்காதர் ஒருவர்தான் என்று பேச்சு. அவருடைய எண் எதுவென்று யாரும் கேட்டதில்லை.

வடமலை நாற்பத்தாறு வயதில் வந்து சேர்ந்தான். ஊரில் அவனுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் நாதியில்லை. குழைக்காதர் தினமும் கேட்டார். மனுஷன் அதிலேயே உருகிப் போனான்.

அவனுக்குக் கிடைத்தது பத்து லட்சத்து ஒன்பது. ஆயிரம் வரை பார்த்தால் போதும். அதற்கு மேற்பட்ட எண் ஏதாவது வகுக்குமானால், அதன் ஜோடி ஆயிரத்துக்குள்ளேயே அகப்பட்டிருக்கும்.

அறுபத்திரண்டாம் நாள் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றால் வகுத்தான். மீதி ஒன்றுமில்லை. இரண்டு தடவை அழித்துப் போட்டுப் பார்த்தான். பிறகு போய், வகுபடவில்லை என்று சொல்லிவிட்டான். குழைக்காதர் தலையாட்டினார்.

பாவி, அதற்கப்புறமும் ஒரு நாள் விடாமல் வகுத்தான். நூற்றாறு நாள் ஓடிவிட்டது. இன்று காலை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஏழும் முடிந்தது. இனி ஆயிரத்துக்குள் பகா எண்ணே பாக்கியில்லை. முடிவைச் சொல்லியாக வேண்டும்.

மூட்டையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

“சாமி, நான் பொய் சொன்னேன். அது வகுபடுகிற எண்தான்.”

“தெரியும். ஈவு மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூன்று. அன்றைக்குக் கூழில் இரண்டு தடவை உப்புப் போட்டாய்.”

“ஒன்றும் சொல்லாமல் குடித்தீர்களே.”

“உப்பென்று சொன்னால் பேச்சு எங்கே போய் நிற்கும்?”

தெரிந்தும் ஏன் அனுப்பவில்லை என்று வடமலை கேட்டான். குழைக்காதர் மணல் பலகையை இழுத்து, விரலால் பத்து லட்சத்துப் பதினைந்து என்று இலக்கத்தில் எழுதினார்.

“இது என் குரு எனக்குக் கொடுத்த எண்.”

வடமலை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி இலக்கம் ஐந்து. சின்னப் பிள்ளைகூடப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும்.

“சாமி, இது ஐந்தால் வகுபடுமே.”

“மூன்றாம் நாளே வகுபட்டது. வகுபடவில்லை என்று போய்ச் சொன்னேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“சரி, நாளைக்கு ஏழால் வகுத்துப் பார் என்றார்.”

வடமலை கண்ணைத் துடைத்துக்கொண்டான். குழைக்காதர் மணலை நிரவி, பலகையை அவன் பக்கம் தள்ளினார்.

“மூட்டையை உள்ளே எடுத்து வை. நாளைக்கு ஆயிரத்து ஒன்பதால் வகுத்துப் பார்.”