குன்றிமணி மாலை வாங்கிய கீரி

பாறைக்காட்டுக் கீரிகளுக்கு ஒரு படை இருந்தது. குட்டிகளைத் தின்ன மலைப்பாம்பு வந்தால், அதன் வளைக்குள்ளேயே புகுந்து கொல்வது படையின் வேலை. இருபது கீரிகளுக்கு ஒரு தலைவன். அவன் கழுத்தில் குன்றிமணி மாலை தொங்கும்.

அந்த மாலை வீரத்துக்குக் கிடைப்பதில்லை. போட்டிருப்பவனிடம் வழக்கமாக நாற்பது காடைமுட்டை கொடுத்து வாங்க வேண்டும். வேண்டாமென்றால் இன்னொருவனுக்கு விற்கலாம். பதவியில் இருக்கும்போதே செத்தால் மாலை படைக்குத் திரும்பிவிடும். முட்டை போனது போனதுதான்.

நீளவாலன் வசதியான வீட்டுக் கீரி. பாம்பைக் கண்ணால் கண்டதில்லை. ஒரு மழைக்காலம் மாலையோடு மிடுக்காகத் திரிந்துவிட்டு, அறுபது முட்டைக்கு விற்றுவிட நினைத்தான்.

தலைவனாக இருந்த புள்ளிமூக்கன் முப்பதுக்கே சம்மதித்தான்.

“ஏன் அண்ணே இவ்வளவு மலிவு?”

“உன் முகம் பிடிச்சுப்போச்சு தம்பி. சீக்கிரம் போட்டுக்கோ.”

மாலையைக் கழற்றிய கையோடு புள்ளிமூக்கன் காட்டைவிட்டே போய்விட்டான்.

நீளவாலன் கழுத்தில் மாலை சில்லென்று இருந்தது.

“இதை எத்தனை பேர் போட்டிருக்காங்க?”

“உங்களோட ஏழு பேர், தலைவரே” என்றான் ஒற்றைக்காதன். படையில் மூத்தவன். உடம்பெல்லாம் தழும்பு.

“ஏழு பேர் போட்டும் ஒரு மணிகூட உடையலையே.”

“மாலைக்கு ஒண்ணும் ஆகாது.”

“நீங்களே வாங்கியிருக்கலாமே? ஓ, உங்ககிட்ட ஏது முட்டை” என்று நீளவாலன் சிரித்தான்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. இருபது கீரிகளும் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் நடுப்பகலில் சில்வண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்தன. இலைகூட அசையவில்லை. பாம்பு வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

நீளவாலன் வளை வளையாக ஓடினான். பத்து முட்டைக்கு மாலையைத் தருவதாகக் கேட்டுப் பார்த்தான். இரண்டுக்கும் கேட்டான். யாரும் தலையை வெளியே நீட்டவில்லை. கடைசியில் ஒற்றைக்காதனிடம் வந்தான்.

“சும்மாவே வச்சுக்குங்க.”

“சும்மா வாங்கினா செல்லாது தலைவரே. வழக்கம் அப்படி. என்கிட்டதான் முட்டை இல்லையே.”

பாம்பின் வளை கறுப்பாகத் திறந்து கிடந்தது. தலைவன்தான் முதலில் நுழைய வேண்டும்.

“நீங்க எல்லாம் பின்னாலேயே வருவீங்கல்ல?”

ஒற்றைக்காதன் கோணியிருந்த மாலையை மெதுவாக நேராக்கிவிட்டான்.

உள்ளே ஈரமான இருட்டு. பத்தடி போனதும் நீளவாலன் நின்று காது கொடுத்தான். பின்னால் காலடிச் சத்தமே இல்லை. வாசலில் இருந்து ஒற்றைக்காதன் நிதானமாகப் பேசுவது கேட்டது.

“உட்காருங்கடா. வயிறு நிறைஞ்ச பாம்பு அசையாது. அப்புறம் நாம போவோம்.”

முன்னால் ஏதோ பெரியது ஒன்று மூச்சுவிட்டது.

பொழுது சாய்வதற்குள் சில்வண்டுகள் மறுபடி பாடத் தொடங்கின. ஒற்றைக்காதன் செத்த பாம்பின் வயிற்றிலிருந்து எடுத்த மாலையை ஓடையில் அலசிக் கிளையில் காயப்போட்டான். ஒரு மணிகூட உடையவில்லை.

தகுதியில்லாமல் விலைகொடுத்துத் தலைவனாகிறவனுக்கு, ஆபத்து வரும்போது பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள்.