மதிலுக்கு அடியில் போன உப்பு

வெகு காலத்துக்கு முன்னே, எங்கே தோண்டினாலும் மணலாகவே வரும் பூவலூர் நாட்டைக் கீர்த்திபூபதி என்றொரு அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கடைசியாகக் காதில் விழுந்த பேச்சுதான் அவருக்கு வேதம். அந்தக் கடைசிப் பேச்சை எப்போதும் பேசியவர் அரண்மனை அதிகாரி ஆவுடையப்பர்.

ஊருக்குக் குடிநீர் தந்தது ஓர் ஊருணி. அதில் யாரும் கால் நனைக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள உடையாள் என்ற காவல்காரி இருந்தாள். ஒரு திருவிழாவில் அந்தத் தண்ணீரைக் குடித்த அரசர், ஆவுடையப்பர் வெட்டிய அரண்மனைக் கிணற்றுக்கு இந்த ருசி இல்லையே என்று சபை நடுவே சொல்லிவிட்டார். அன்று பிடித்தது வினை.

மறுவாரமே ஆவுடையப்பர் அரசர் காதில் ஓதினார். ஊருணியைக் காக்கச் செலவாகிறது, குடத்துக்கு ஒரு காசு வாங்கலாம், முடியாதவர்களுக்குத்தான் மதிலோரத் தெருக்கிணறு இருக்கிறதே என்றார். அரசர் தலையாட்டினார். காசில்லாத சனம் தெருக்கிணற்றுக்குப் போனது. யானைக் கொட்டாரத்துக் கழிவெல்லாம் வந்து தேங்கும் குட்டை அந்தக் கிணற்றுக்குப் பத்து முழத்தில் மதிலை ஒட்டிக் கிடந்தது. ஒரே மாதத்தில் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. மூன்று குழந்தைகள் செத்துப்போயின.

உடையாளுக்குப் பொறுக்கவில்லை. காசு கேட்காமல் குடங்களை நிரப்பவிட்டாள். அன்றைக்கே அவளைச் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

குட்டைத் தண்ணீர் கிணற்றில் இறங்குகிறது என்று அவள் சொன்னதும் அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மதிலுக்கு இந்தப் பக்கம் அதே தூரத்தில்தான் என் கிணறும் இருக்கிறது. எனக்கு என்ன வந்தது?"

"நடுவில் பன்னிரண்டு முழ உயர மதில் நிற்கிறதே அரசே, அதைத் தாண்டி என்ன வரும்?" என்றார் ஆவுடையப்பர்.

"உங்களுக்குச் சீரகம் போட்டுக் காய்ச்சித் தர்றாங்க மகாராசா," என்றாள் உடையாள். "எங்களுக்குக் கஞ்சி வைக்கவே சுள்ளி பத்தல. தண்ணியை எங்கே காய்ச்ச?"

அரசர் எட்டு நாள் தவணை கொடுத்தார். அதற்குள் சொன்னதை மெய்ப்பிக்க வேண்டும். இல்லையென்றால் அவள் நாட்டை விட்டே போக வேண்டும், குடத்துக்குக் காசும் என்றென்றைக்கும் நிலைக்கும். அவள் கேட்டது பத்து மூட்டை உப்பு. பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, அத்தனையையும் குட்டையில் கொட்டினாள். ஊறுகாய் போடுகிறாயா என்று ஆவுடையப்பர் கேலி செய்தார். அரசரும் சிரித்துவிட்டு அந்தச் சங்கதியையே மறந்துபோனார்.

மறக்க முடியாதவள் உடையாள்தான். தினமும் தெருக்கிணற்றில் ஒரு வாய் அள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பாள். நாலு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் தெருக்கிணறு கரித்தது. ஓடிப்போய்ச் சொன்னால், நீயே கிணற்றில் போட்டிருப்பாய் என்று ஆவுடையப்பர் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். ஆக, மதிலுக்கு உள்ளே இருக்கும் கிணறுதான் சாட்சி சொல்ல வேண்டும். அங்கே அவளை விடமாட்டார்கள். ஆறாம் நாள் போனது, ஏழாம் நாளும் போனது. தெருவில் இன்னொரு குழந்தை கண் சொருகிக் கிடந்தது. உடையாள் துணிமணியை மூட்டை கட்டி வைத்தாள்.

எட்டாம் நாள் மத்தியானம் அரசர் சாப்பிட உட்கார்ந்தார். குழம்பு கரித்தது. பொறுத்துக்கொண்டார். வெறும் சோற்றை வாயில் வைத்தார், அதுவும் கரித்தது. பாயசத்தைக் குடித்தவர் துப்பிவிட்டார்.

"பாயசத்துக்கு உப்புப் போட்டது எவன்?"

சமையல்காரரை இழுத்துவந்தார்கள். இந்த ஆளுக்கு வயதாகிவிட்டது, கை நிதானமில்லை என்று ஆவுடையப்பர் முந்திக்கொண்டார். சமையல்காரரோ பாயசத்தில் ஒரு கல் உப்புகூடப் போடவில்லை என்று அழுதார். அரசர் வாய் கொப்பளிக்கச் சீரகத் தண்ணீரை எடுத்தார். அதுவும் கரித்தது. அப்போதுதான் பத்து மூட்டை உப்பு அவர் நினைவுக்கு வந்தது.

உடையாளை உடனே சபைக்கு வரவழைத்தார்.

"காய்ச்சினா நோய் சாகும் மகாராசா, உப்பு சாகாது," என்றாள் அவள். "உப்பு வந்த வழியிலதான் யானைக் கழிவும் வந்துக்கிட்டிருக்கு. மதில் மண்ணுக்கு மேலதான் நிக்குது. கீழே நீங்களும் நாங்களும் ஒரே தண்ணிதான் குடிக்கிறோம்."

அரசர் தன் கிணற்றிலிருந்து ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். அதை ஆவுடையப்பரிடம் நீட்டினார். "நடுவில்தான் மதில் இருக்கிறதே. குடியும்."

ஆவுடையப்பர் செம்பை வாய்வரை கொண்டுபோனார். அதற்கு மேல் கை போகவில்லை. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, செம்பைத் தரையில் வைத்தார்.

அன்றைக்கே குட்டையைத் தூர்க்க ஆள் போனது. குடத்துக்குக் காசு என்ற பேச்சு ஒழிந்தது. தெருக்கிணறு தெளியும்வரை அந்தத் தெருவின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஊருணித் தண்ணீரை ஆவுடையப்பரே தலையில் சுமந்து ஊற்ற வேண்டும் என்று கட்டளையாயிற்று. கண் சொருகிக் கிடந்த குழந்தை பிழைத்துக்கொண்டது. முன்னால் போன மூன்றும் போனதுதான்.

அரசர் உடையாளுக்குப் பொற்காப்பு கொடுக்க வந்தார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "அமாவாசைக்கு அமாவாசை நீங்க ஊருணிக்கு வந்து, காய்ச்சாத தண்ணி ஒரு கை, எல்லாருக்கும் முன்னால குடிக்கணும். அது போதும்."

சபையே திகைத்தது. அரசர் வாக்குக் கொடுத்துவிட்டு, எதற்காக இப்படி ஒரு வரம் என்று கேட்டார்.

"இத்தனை நாளா எங்க வயித்துல இருந்த பயம் மகாராசா. கொஞ்சம் உங்க வயித்துலயும் இருக்கட்டும்."

அதன்பிறகு அமாவாசை நெருங்க நெருங்கக் கீர்த்திபூபதிக்குத் தூக்கம் வராது. மூன்று நாள் முன்னமே ஆளனுப்பி, ஊருணியில் யாராவது கால் வைத்தார்களா, கரை உடைந்திருக்கிறதா, மாடு இறங்கியதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் பயந்துகொண்டிருந்த வரைக்கும் பூவலூரில் ஒரு குழந்தையும் தண்ணீரால் சாகவில்லை.