வாசலில் கொட்டிய மானம்

அடுத்த ஊர்ப் பெண் ஒருத்தி செல்போனில் பேசிப் பழகி, மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாளாம். அதற்கு இந்த ஊர்த்தலைவர் நல்லமுத்து தன் வீட்டு வாசலில் கூட்டம் போட்டார்.

"இனி எந்தப் பொம்பளையும் செல்போன் வச்சிருக்கக் கூடாது. ஊர் மானம் போகுது! நாளைக்கு எல்லாத்தையும் எங்கிட்ட ஒப்படைக்கணும். மீறினா ஊரைவிட்டு விலக்கு!"

ஆண்கள் போன் மட்டும் என்ன, கங்கையில் குளித்து வந்ததா? ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் கூட்டத்துக்கு நடுவே, களையெடுக்கப் போகும் பாவாயி ஒரு சாக்கைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். ஊர்ப் பெண்களுடைய அறுபத்திரண்டு போன்.

"எல்லாம் வந்துருச்சா?" என்றார் தலைவர்.

"ஒண்ணு குறையுதுங்க. எங்கே இருக்குதுன்னு பாக்கறேன்." குவியலிலிருந்து ஒரு போனை எடுத்து அழுத்தினாள்.

தலைவர் வீட்டுக்குள்ளே மணி அடித்தது.

"ஹலோ, யாரு?" தலைவர் மனைவியின் குரல் எல்லோர் காதிலும் விழுந்தது.

"நாந்தானுங்கம்மா, பாவாயி. உங்க போனையும் குடுத்தனுப்புங்க. எங்க மானமெல்லாம் வாசல்ல கொட்டிக் கிடக்குது, உங்க வூட்டு மானம் மட்டும் உள்ளே உக்காந்து பேசிட்டிருக்குதே!"

பெண்கள் குனிந்து அவரவர் போனை எடுத்துக்கொண்டார்கள். யாரும் தலைவரிடம் உத்தரவு கேட்கவில்லை.