காட்டுப் பூவரசு

“அம்மா, இந்தச் செடி செத்துப்போச்சுன்னா என் பிள்ளைக்கும் ஏதாச்சும் ஆயிடுமா?”

பவானி மூச்சிரைக்கக் கேட்டாள். இடுப்பில் கம்பளிக் குல்லா போட்ட கைக்குழந்தை. கையில் பூந்தொட்டி. பிரசவத்துக்குப் பிறந்த வீடான கோத்தகிரிக்குப் போய், போன வாரம்தான் திருச்செந்தூர்ப் பக்கம் புகுந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தாள்.

செம்மணல் மேடான தேரியில், ஒரு உடைமரத்தடியில் உட்கார்ந்திருந்த சாமியாரம்மா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நாலு இலை. நாலும் சுருண்டிருந்தன.

“என்னட்டி இது?”

“பூவரசும்மா. ‘பிள்ளை பேர்ல ஒரு பூவரசு வை’ன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இதுவா பூவரசு?”

“எங்க மலைப் பூவரசு. காட்டுப் பூவரசும்பாங்க. பனியில செவசெவன்னு பூக்கும்.”

சாமியாரம்மா வேலியைப் பார்த்தாள். அங்கே ஊர்ப் பூவரசு, மஞ்சள் பூவோடு, யாரும் தண்ணீர் ஊற்றாமல் நின்றது.

“இதுக்கு என்னல்லாம் செஞ்ச?”

“ஐஸ் தண்ணி ஊத்தினேன். குடை பிடிச்சேன். ராத்திரி டேபிள் ஃபேன் வச்சேன்.”

“உன் வீட்டுக்காரனுக்கு?”

“அவர் மொட்டை மாடியில படுத்துக்கறார்.”

குழந்தை வீறிட்டது.

“இவன் எதுக்குக் கத்துதான்?”

“அதாம்மா பயம்.” பவானி தொட்டியை மணலில் வைத்தாள். “வந்ததுலேருந்து ஓயாம அழறான். உடம்பெல்லாம் வேர்க்குரு. டாக்டர் ஒண்ணுமில்லைங்கறார். செடி வாட வாட இவனும் வாடறானோன்னு...”

சாமியாரம்மா எழுந்தாள். குழந்தையின் குல்லாவை உருவினாள். நாடாவை இறுக்கி அதைச் செடிக்கு மாட்டிவிட்டாள்.

“ஐயோ அம்மா! என்ன பண்றீங்க? மலையில வளந்த செடி! இந்த வெக்கையில கம்பளியைப் போட்டா வெந்துடாதா?”

சாமியாரம்மா மறுபடி மரத்தடியில் உட்கார்ந்தாள்.

கடல் பக்கமிருந்து கொஞ்சம் காற்று வந்தது. சத்தம் நின்றுபோயிருந்ததைப் பவானி அப்போதுதான் கவனித்தாள். குழந்தை தலைமுடியெல்லாம் வேர்வையில் நனைந்து, குல்லா போட்ட செடியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கை தானாகப் பிள்ளையின் ஸ்வெட்டர் பொத்தானுக்குப் போனது.

“அப்ப... செடிம்மா?”

“கோத்தகிரிக்குப் பஸ் இருக்குல்லா? ஏத்திவிடு.”

“பிள்ளை பேருக்கு?”

சாமியாரம்மா வேலியிலிருந்து ஒரு பூவரசங்கம்பை ஒடித்தாள். மணலில் குத்தினாள். கையைத் தட்டிக்கொண்டாள்.

“அவ்வளவுதானாம்மா?”

“எங்க அவ்வளவுதான்? பிள்ளை கால்ல சாக்ஸ் கெடக்கே.”