கரைக் காவலுக்கு வந்த முள்ளெலி

வேலங்காட்டில் மூக்கம்மா என்றொரு முள்ளெலி இருந்தாள். அவளுக்குக் கண் தெரியாது. கோடையில் காடு தீப்பிடித்தபோது புகையும் பொறியும் அவள் இரண்டு கண்களையும் பறித்துக்கொண்டன. உயிர் மட்டும் மிஞ்சியது.

அதிலிருந்து அக்கா பேச்சியம்மாவின் வளையில்தான் அவளுக்குச் சாப்பாடு, படுக்கை எல்லாம். அந்த வளை ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. அக்காவுக்கு மூன்று குட்டிகள். வண்டு, புழு எது கிடைத்தாலும் முதலில் குட்டிகளுக்கு, அப்புறம் தங்கைக்கு. மிச்சம் இருந்தால் அக்காவுக்கு. மிச்சம் எங்கே இருந்தது? அக்கா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவள் வயிறு இரைவது மூக்கம்மாவுக்குக் கேட்கும். வாயில் வைத்ததை வெட்கத்தோடுதான் விழுங்குவாள்.

அவள் காது அப்படிப்பட்ட காது! ஒரு முழம் ஆழத்தில் புழு நெளிந்தால் இவள் மேலே நின்று, "இந்தா, இந்த இடத்துல தோண்டுக்கா" என்பாள். தோண்டினால் புழு இருக்கும்.

அந்த வருஷம் சிங்கராஜா ஓர் ஆணை போட்டார். நல்ல ஆணைதான், குறை சொல்வதற்கில்லை.

"கண் தெரியாதவங்க, கால் இழந்தவங்க, காது கேட்காதவங்க எல்லாரும் இந்தக் காட்டுப் பிள்ளைங்கதான்! அவங்களுக்கு யார் வேலை கொடுத்தாலும் அமாவாசைக்கு அமாவாசை நம்ம களஞ்சியத்திலிருந்து ஒரு மூட்டை ஈசல் கிடைக்கும்! பாதி வேலை கொடுக்கிறவருக்கு, பாதி வேலை செய்றவங்களுக்கு!"

காய்ந்த ஈசல் என்றால் சும்மாவா? கேட்ட மாத்திரத்தில் நரி பொன்னுரங்கத்துக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஏரிக்கரையைக் காக்கும் பொறுப்பு அவனிடம்தான் இருந்தது. மறுநாளே பேச்சியம்மாவின் வளை வாசலில் வந்து நின்றான்.

"ஏ மூக்கம்மா! கரைக் காவலுக்கு வர்றியா?"

"நானா அண்ணாச்சி? எனக்குக் கண்ணு தெரியாதே!"

"அதனாலதானே கூப்பிடுறேன்!" என்றான் நரி. அவன் வாயிலிருந்து உண்மை வந்தது அந்த ஒரு தடவைதான்.

பாவம், மூக்கம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "ஆமா அண்ணாச்சி! கரை உடையுறதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள தண்ணி ஊறும். அது கண்ணுக்குத் தெரியாது, என் காதுக்குக் கேட்கும். கரையில முன்னும் பின்னும் நடந்தாலே போதும், சொல்லிடுவேன்!"

"சரி சரி, பேச்சைக் குறை. கிளம்பு!"

கரைக்குப் பக்கத்தில் ஒரு மேடு. மேட்டில் ஒற்றைப் பனை. பனையடியில் ஒரு தட்டைக் கல்லைப் போட்டு, அதன் மேல் அவளை உட்கார வைத்தான் பொன்னுரங்கம். முன்னால் ஈரக் களிமண் பூசிய பலகை ஒன்றை வைத்தான்.

"இதுதான் உன் இடம். சூரியன் உதிக்கும்போது ஒருதரம், உச்சியில ஒருதரம், சாயும்போது ஒருதரம், இந்தக் களிமண்ல கால் பதிக்கணும். மூணு பதிவு இருந்தாத்தான் நீ அன்னிக்கு வேலை பார்த்ததாக் கணக்கு. ஒண்ணு விட்டாலும் மூட்டை போச்சு!"

"கரைக்கு எப்போ போகணும் அண்ணாச்சி?"

"கரைக்கா? வழுக்கி விழுந்து தொலைச்சா யார் பதில் சொல்றது? பேசாம உட்காரு தாயி. உட்கார்றதுதான் உன் வேலை!"

கேட்டீர்களா கூத்தை? அக்கா வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூசித்தான் அவள் வேலைக்கு வந்தாள். வேலை என்று கொடுத்ததும் அதையேதான்.

முதல் அமாவாசை வந்தது. பாதி மூட்டை வர வேண்டிய இடத்தில் இரண்டு கை ஈசல் வந்தது. "கல்லுக்குப் பிடிச்சுக்கிட்டேன், பலகைக்குப் பிடிச்சுக்கிட்டேன். பனை நிழல் என்ன சும்மாவா வருது?" என்றான் பொன்னுரங்கம். மூக்கம்மா கிடைத்ததை வாயில் கவ்விக்கொண்டு வளைக்குப் போனாள். அன்றைக்கு அக்கா முதலில் சாப்பிட்டாள். குட்டிகள், "சித்தி வேலைக்குப் போயிட்டு வந்துட்டா!" என்று அவள் முதுகு முள்ளைப் பிடித்துக்கொண்டு குதித்தன. அந்த ஒரு சந்தோஷத்துக்காக அவள் எத்தனை நாள் வேண்டுமானாலும் கல்லில் உட்காரத் தயாராக இருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரி கழுத்து மட்டும் நிறைந்தது.

ஒரு நாள் காலை, கரையோரமாக வேலைக்கு வந்துகொண்டிருந்த மூக்கம்மா சட்டென்று நின்றாள். காலடியில், மண்ணுக்குள் கொரகொரவென்று ஒரு சத்தம். மெல்லிய சத்தம்தான். ஆனால் அவள் நேரே நரியிடம் ஓடினாள்.

"அண்ணாச்சி! கரைக்குள்ள தண்ணி ஊறுது! பள்ளத்துப் பக்கமாத்தான் போகுது!"

பொன்னுரங்கம் கரைமேல் ஏறி இங்கும் அங்கும் பார்த்தான். மேல் மண் கல் போல இறுகிக் கிடந்தது. ஓரிடத்தில் எம்பிக் குதித்துக்கூடப் பார்த்தான்.

"எங்க ஊறுது? எனக்கு ரெண்டு கண்ணு இருக்கு, எனக்குத் தெரியலை. உனக்குத் தெரிஞ்சிடுச்சோ?"

"தெரியலை அண்ணாச்சி, கேட்குது. தோண்டிப் பாருங்க!"

"நல்லா இருக்கிற கரையைத் தோண்டச் சொல்றியா? போய் உன் கல்லுல உட்காரு!"

உட்கார்ந்தாள். மறுநாள் சத்தம் கூடியது. அக்காவிடம் சொன்னால் வேலைக்கே போகவேண்டாம் என்பாள் என்று வளையில் அவள் வாயைத் திறக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் அரண்மனையிலிருந்து நாரை வந்தார். வேலை கொடுக்கப்பட்டவர்கள் நலமாக இருக்கிறார்களா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. "இன்னிக்கு மட்டும் நீ கல்லை விட்டு இறங்கினே, நாளையிலேருந்து வேலை கிடையாது!" என்று காலையிலேயே மிரட்டி வைத்திருந்தான் நரி.

மூக்கம்மா காலைப் பதிவு வைத்தாள். மேட்டில் உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் அவள் காதுக்கு எட்டியது. இப்போது கொரகொர இல்லை. குபுகுபு.

உச்சிப் பதிவையும் அவள் வைத்து முடித்த நேரத்துக்கு நாரை ஒயிலாக நடந்து வந்தார். "கல் இருக்கா? இருக்கு. ஆள் இருக்கா? இருக்கு. பதிவு? ஆஹா, ரெண்டும் அழகா விழுந்திருக்கு! மகிழ்ச்சியா இருக்கியாம்மா?"

"ஐயா, கரை உள்ளே அரிச்சுப் போச்சுய்யா! உடையப் போகுது! பள்ளத்துல முயல் கூட்டம் இருக்கு, எங்க அக்கா இருக்கா, குட்டிங்க இருக்கு. எல்லாரையும் மேட்டுக்கு வரச் சொல்லுங்கய்யா!"

நாரை அலகைச் சொறிந்துகொண்டார். "கரையைப் பத்தி விசாரிக்க வேற அதிகாரி இருக்காரும்மா. நான் உன் நலனைப் பார்க்க வந்தவன். உனக்குக் கல்லு குத்துதா? சொல்லு, மெத்துன்னு புல் போடச் சொல்றேன்."

"அவ கிடக்கிறா ஐயா! கண்ணு இல்லாதவ, எதையாவது நினைச்சுப் பயப்படுவா," என்று சிரித்தான் பொன்னுரங்கம். நாரையும் சிரித்தார். நரி கொடுத்த மீனைத் தின்றுவிட்டுப் பறந்து போனார்.

மூக்கம்மா கல்லின் விளிம்பைத் தடவினாள். இறங்கி ஓடலாமா? கண் தெரியாமல் பள்ளத்துக்குப் போய், எல்லாரிடமும் சொல்லித் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மாலைப் பதிவு தவறும். மூட்டை போகும். வேலை போகும். மறுபடியும் அக்கா பட்டினி. ஒருவேளை நரி சொன்னதுதான் சரியோ? கண்ணால் பார்த்தவனுக்குத் தெரியாததா தனக்குத் தெரிந்துவிடப் போகிறது? எல்லாரும் சிரிக்கச் சிரிக்க, அவளுக்கே அவள் காதின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. "சாயங்காலப் பதிவை வச்சுட்டு ஓடிடுவோம்" என்று முடிவு செய்தாள்.

பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. திடீரென்று குபுகுபு சத்தம் நின்றுவிட்டது. கரை இனி நிற்காது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மூக்கம்மா கல்லிலிருந்து குதித்தாள். "அக்கா! ஓடுக்கா! குட்டிகளைத் தூக்கிட்டு ஓடு!" என்று கத்திக்கொண்டே உருண்டாள், விழுந்தாள், எழுந்தாள்.

கரை உடைந்தது.

பள்ளம் முழுக்க ஒரே வெள்ளம். முயல் கூட்டத்தில் பாதிகூடத் தப்பவில்லை. பேச்சியம்மா ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு எப்படியோ மேட்டுக்கு நீந்தி வந்தாள். மற்ற இரண்டும் வரவில்லை.

அரண்மனையில் விசாரணை நடந்தது. "எதிர்பாராத மழை மகாராஜா! காவலுக்கு ஆள் போட்டிருந்தேன்!" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான் பொன்னுரங்கம். "உண்மைதான் மகாராஜா, ஆள் இருந்ததை நானே பார்த்தேன். பதிவெல்லாம் சரியா இருந்துச்சு," என்றார் நாரை. சிங்கராஜா தலையை ஆட்டினார். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் மூக்கம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

மேட்டில், ஈரம் சொட்டும் ஒற்றைக் குட்டியை அணைத்துக்கொண்டு பேச்சியம்மா உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் அழுதபிறகு கேட்டாள்:

"உனக்கு மூணு நாளா கேட்டுச்சாமே. இன்னிக்கு மத்தியானமே வந்திருக்கலாமேடி. ஏன்டி வரலை?"

"சாயங்காலப் பதிவு இருந்துச்சுக்கா," என்றாள் மூக்கம்மா.

அக்கா குட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அவள் தங்கையோடு பேசவில்லை.

ஒருவருக்கு இடம் கொடுத்து, கூலியும் கொடுத்து, அவருக்குத் தெரிந்ததைச் செய்ய விடாமலும் சொல்வதைக் கேட்காமலும் வைத்திருந்தால், அது அவருக்கு வேலை கொடுத்தது ஆகாது. அந்தப் பாவத்தின் விலையை ஊரே கொடுக்க நேரும்.